ஒரு ராத்திரி தூங்கினால் ஆறுகிற காயம்

அமிர்தம் தன் வீட்டில் ஒரு சொல்லைத் தடை செய்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகனைப் பார்க்க வரும் சிநேகிதர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடுவார்கள். அந்த ஆட்டத்தில் யார் அடிபட்டு விழுந்தாலும் 'செத்துட்டான்' என்று சொல்லக் கூடாது. விளக்கேற்றுகிற வீடு. அதிலும் ஒருவன் படுக்கையில் கிடக்கிற வீடு. அப்படியானால் வேறு என்ன சொல்வது என்று அவர்களில் ஒருவனான ஸ்டான்லி கேட்டதற்கு, ஊருக்குப் போயிட்டான்னு சொல்லுங்க என்று அடுப்படியிலிருந்தே பதில் கொடுத்தாள். அன்றிலிருந்து அரக்கனானாலும் ராஜாவின் சேவகனானாலும் வாள் பட்டு விழுந்தவர்கள் ஊருக்குத்தான் போனார்கள்.

"எந்த ஊருக்குடா, திட்டக்குடிக்கா?" என்பான் ஸ்டான்லி.

"பஸ்ஸு கெடைக்கலன்னா திரும்பி வந்துடுவான், உஷாரா இரு" என்பான் அவள் மகன் தமிழ்ச்செல்வன்.

அவன் சிரிக்கிற சத்தம் அந்த வீட்டில் கேட்பது வாரத்தில் அந்த ஒரு மத்தியானம்தான். அதற்காகவே அவள் சனிக்கிழமை சாயங்காலமே கடலை வறுத்து வைத்துவிடுவாள்.

அமிர்தம் பிறந்தது கம்மாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். அப்பாவின் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது அவள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். குடும்பம் விருத்தாசலத்துக்கு வந்தது. பள்ளிக்கூடம்தான் அவளோடு வரவில்லை. பீங்கான் தொழிற்பேட்டையில் சூளைக்குச் சாமான் அடுக்கும் கோதண்டபாணிக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே அவளும் ஒரு பொம்மைக் கொட்டகையில் சேர்ந்தாள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு வரம்பு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, நனைத்த பஞ்சால் துடைத்து வழுவழுப்பாக்க வேண்டும். இன்றுவரை அதே வேலை. பிள்ளையாரோ முருகனோ கைக்கு வந்தால் வெறும் பலகையில் வைக்க மாட்டாள். ஒரு துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வைப்பாள். இன்னும் சுடாத மண்ணுதானேக்கா, சாமி எங்க வந்துச்சு என்று கூட வேலை செய்யும் கனகா கேலி செய்வாள். அமிர்தம் சிரித்துவிட்டு அடுத்த பொம்மையை எடுப்பாள். யாரிடமும் குரலை உயர்த்தத் தெரியாத பெண் அவள். புருஷன் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி வாங்கி, ஐம்பது ஆவதற்குள் போய்ச் சேர்ந்தபோதும் சத்தமில்லாமல்தான் அழுதாள்.

தமிழ்ச்செல்வன் ஒரே பிள்ளை. பைக் சர்வீஸ் கடையில் மெக்கானிக். போன வருஷம் அறுப்புச் சமயத்தில் சேத்தியாத்தோப்பிலிருந்து வண்டியில் திரும்பி வந்தவன், பின் விளக்கில்லாமல் நின்றிருந்த நெல் டிராக்டரில் போய் மோதினான். வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து எலும்பு வெளியே வந்துவிட்டது. பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் காலுக்கு வெளியே கம்பி வைத்து முடுக்கினார்கள். தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். உள்ளே சீழ் பிடித்தது என்று திறந்தார்கள், சுத்தம் செய்து மூடினார்கள், திரும்பவும் திறந்தார்கள். எலும்பு மட்டும் கூடவில்லை.

அந்த நாட்களில்தான் ராஜ்மோகன் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தான். தமிழோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது அங்கே கற்றுக்கொண்டானாம். இப்போது ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆட்டத்துக்குச் சீட்டும் கிடையாது, தாயக்கட்டமும் கிடையாது. ராஜ்மோகன் விதிகள் போட்ட ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்வான். காடு, கோட்டை, அரக்கன், புதையல். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் நடப்பார்கள். முன்னால் ஒரு கதவு இருக்கிறது, என்ன செய்கிறாய் என்பான். உதைத்துத் திறக்கிறேன் என்றால், பல முகம் வைத்த ஒரு பகடைக் கட்டையை உருட்டச் சொல்வான். பெரிய எண் விழுந்தால் கதவு திறக்கும், சின்ன எண் விழுந்தால் கால் சுளுக்கிக்கொள்ளும். தமிழ்ச்செல்வன் அதில் செங்கோடன் என்ற போர்வீரன். மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் ஸ்டான்லி அதிலும் வைத்தியன்தான்.

"கடையிலதான் மாத்திரை குடுக்குற, இங்கயுமா?" என்று தமிழ் கேட்டதற்கு, இங்கே கொடுப்பது வேலை செய்கிறதே என்று ஸ்டான்லி சொன்னான்.

ஆட்களுக்கு அடையாளமாக வைக்க எதுவும் இல்லாமல் அவர்கள் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, அமிர்தம் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் கழிவுக் குவியலிலிருந்து சில பொம்மைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். மூக்கு உடைந்த ஒரு போலீஸ்காரன் செங்கோடன் ஆனான். கூடவே வந்த ஒரு பீங்கான் பியூஸ் கட்டை அரக்கன் ஆனது.

அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக் கேட்டு அவளுக்கும் ஆட்டம் ஒருவாறு பிடிபட்டது. ஒவ்வொருவனுக்கும் இத்தனை உயிர் என்று ஒரு கணக்கு. வெட்டுப்பட்டால் நாலு குறையும், மலையிலிருந்து விழுந்தால் பத்து குறையும். ஒன்றும் மிச்சம் இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். ஆனால் ஒரே ஒரு உயிர் மிச்சமிருந்தாலும் போதும். எங்கேயாவது பத்திரமான இடத்தில் ஒரு ராத்திரி படுத்துத் தூங்கி எழுந்தால் அத்தனையும் திரும்ப வந்துவிடும். புண் இருக்காது, வலி இருக்காது. விடிந்ததும் செங்கோடன் வாளை எடுத்துக்கொண்டு நடப்பான்.

அந்த விதி அமிர்தத்துக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யார் செய்த விதியோ, நல்ல மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டாள். காலையில் மகனை எழுப்பும்போது, போர்வையை விலக்குவதற்கு முன்னால், ஒரு நொடி அது அவளுக்கு ஞாபகம் வரும். பிறகு போர்வையை விலக்குவாள்.

தை மாதத்தில் பாண்டிச்சேரி டாக்டர் அவர்களை உட்கார வைத்துப் பேசினார். பொறுமையான மனிதர். எலும்புக்குள்ளேயே சீழ் இறங்கிவிட்டது, இனி கூடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் முட்டி தங்கும். முட்டி இருந்தால் செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு நன்றாகவே நடக்கலாம், வண்டி கூட ஓட்டலாம். தள்ளிப்போடப் போட முட்டிக்கும் ஆபத்து. யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

 அடுத்த நாள் காலை அமிர்தம் தலைக்கு ஊற்றிக்கொண்டு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டினாள்.

அந்தக் கோயிலில் முருகனுக்கு முன்னால் வழக்குப் போடுவது அந்தப் பக்கத்து ஜனங்களின் வழக்கம். நகை திருட்டுப் போனாலும், கொடுத்த வாக்கை ஒருவன் மீறினாலும், தீராத நோய் வந்தாலும், குறையை ஒரு தாளில் எழுதிச் சாமி பாதத்தில் வைத்து, முனியப்பர் சன்னதியில் இருக்கும் வேலில் கட்டிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்பது நம்பிக்கை. காரியம் ஆனதும் திரும்ப வந்து வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அமிர்தம் தன் கையாலேயே, கோணல் மாணலான எழுத்தில் எழுதினாள். என் மகன் தமிழ்ச்செல்வன் கால் அவனுக்கே இருக்க வேண்டும், சாமி. அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னாள். அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தாள்.

"அப்ப மூணு மாசம் பொறுத்துப் பாப்பம்மா. சாமிகிட்ட கேஸப் போட்டுட்டு இங்க வெட்டுறதுக்குக் கையெழுத்துப் போட்டா நல்லாவா இருக்கும்?"

"அதான்பா நானும் நெனச்சேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது இரண்டு தடவை அவன் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்து, வீட்டில் ஒரு விசேஷம், முடிந்ததும் வருகிறோம் என்று சொன்னான். அவள் பக்கத்தில்தான் நின்றாள். மறுக்கவில்லை.

கட்டுப் பிரிக்கத் தினமும் சாயங்காலம் ஸ்டான்லி வருவான். மாசியில் வாடை கொஞ்சம் கூடியது. அவள் அதிகமாகச் சாம்பிராணி போட்டாள். கட்டிய துணியை ஸ்டான்லி ஒரு பையில் போட்டு முடிந்து, அவள் கண்ணில் படாமல் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தான். முன்பெல்லாம் அவன் கட்டுப் போடும்போது ஏதாவது கிண்டல் பேசிக்கொண்டே போடுவான். இப்போது பேசுவதில்லை. எப்படிப்பா இருக்குது என்று கேட்டால், பரவால்லம்மா, டாக்டர்கிட்ட ஒருக்கா காட்டிடுங்க என்பான். சித்திரை வரட்டும் என்பாள் அமிர்தம். சித்திரையோடு மூன்று மாதம் முடிகிறது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜ்மோகன் ஆட்டத்தின் விதியை மாற்றினான்.

அமிர்தம் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். இன்று முதல் புது விதி என்று அவன் சொல்வது கேட்டது. சின்னக் காயமென்றால் பழையபடி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். பெரிய காயமென்றால் ஆகாது. தூங்கினாலும் அது அங்கேயேதான் இருக்கும். அது அழுகலாம். நேரத்தோடு பார்க்கவில்லையென்றால் மேலே பரவும்.

"ஏன்டா, இவ்ளோ நாள் நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு?" என்றான் தமிழ்.

உலகத்தில் நிறையப் பேர் அப்படியும் ஆடுகிறார்கள், நாமும் ஆடிப் பார்க்கலாம் என்றான் ராஜ்மோகன். 

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு குகைக்குள் செங்கோடனின் கால் பொறியில் மாட்டியது. தமிழ் உருட்டினான். சின்ன எண். இரும்புப் பல் எலும்புவரை இறங்கிவிட்டது என்றான் ராஜ்மோகன். வைத்தியன் மருந்து வைத்தான், பிடிக்கவில்லை. முதல் ராத்திரி தூங்கினார்கள். ராஜ்மோகன் உருட்டச் சொன்னான். தோற்றது. அழுகல் கணுக்காலைத் தாண்டிவிட்டது. இப்போது எடுத்துவிட்டால் முட்டி தங்கும், மரக்கால் வைத்துக்கொண்டு செங்கோடன் கோட்டைக்குப் போகலாம். இல்லை, பொறுத்துப் பார்க்கிறேன் என்றால் நாளைக்குத் திரும்ப உருட்டலாம். என்ன செய்கிறாய்?

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அமிர்தம் அதைக் கவனிக்கவில்லை.

"பொறுத்துப் பாக்குறன்" என்றது மகனின் குரல்.

உருட்டினான். கட்டை தரையில் விழுந்து ஓடுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் சின்ன எண் என்றான் ராஜ்மோகன்.

"இன்னம் ஒரு ராத்திரி" என்றான் தமிழ்.

"டேய், ஏறிக்கிட்டே போவுதுடா. முட்டிக்கு வந்துடும். வெட்டிடலாம்டா" என்றான் ராஜ்மோகன். அவன் குரல் ஆட்டக் குரலாக இல்லை.

அமிர்தம் முன்னறைக்கு வந்தாள். மகன் முகம் வியர்த்திருந்தது. கட்டை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ஸ்டான்லி அதை எடுக்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜு, வாப்பா, போப்பா என்று சின்ன வயதிலிருந்து கூப்பிட்டுப் பழகிய பிள்ளையைப் பார்த்து அவள் சொன்னாள்:

"தம்பி, நீங்க போயிட்டு வாங்க."

அவ்வளவு மரியாதையாக அவள் யாரையும் வெளியே அனுப்பியதில்லை. ராஜ்மோகன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். அவள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டான்லி தெனம் கட்டுப் பிரிக்கிறான்மா. அவனுக்குத் தெரியும். உங்ககிட்ட சொல்ல வாய் வரல. எங்களுக்கு வேற எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல" என்றான் தணிந்த குரலில்.

விளக்கு வைக்கிற வீட்டில் வெட்டு என்று சொல்லிவிட்டாயே என்று கேட்க நினைத்தாள்.  அவன் போனபிறகு வாசலில் தண்ணீர் தெளித்தாள். ஏன் தெளிக்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் யாரும் ஆட வரவில்லை. ஸ்டான்லி மட்டும் வந்தான், கட்டுப் போட்டான், போனான். வறுத்த கடலை டப்பாவிலேயே இருந்தது. கொட்டகையில் அவள் கையில் ஒரு பொம்மை உடைந்தது, பிறகு இன்னொன்று. என்னக்கா, உடம்பு சரியில்லையா என்று கனகா கேட்டாள். கண்ணு சரியா தெரியல என்று சொல்லிவிட்டு அமிர்தம் அரை நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மகன் அவள் வந்ததைக் கவனிக்கவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு, கட்டையை உருட்டிக்கொண்டிருந்தான். உருட்டுவான், பார்ப்பான், எடுப்பான், மறுபடி உருட்டுவான். மூக்குடைந்த போலீஸ்காரன் தலைமாட்டில் நின்றிருந்தான்.

அவள் கதவருகில் நின்று பார்த்தாள். பிறகு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"செங்கோடனுக்கா?"

"ம்."

"எல்லாத்துலயும் தோத்துட்டானா?"

"இல்லம்மா. ஜெயிக்கிற நாளும் இருக்குது." அவன் கட்டையைத் தட்டில் வைத்தான். "ஜெயிச்சா, அன்னிக்கி ஏறாது. அவ்ளோதான். தோத்தா மேல ஏறும். அந்த விதியில நல்லாவுறதுன்னு ஒண்ணு இல்லம்மா. ராஜு வேணும்னே அப்பிடி வெச்சிருக்கான்."

"தூங்கி எழுந்தா?"

"தூங்குனா வலி தெரியாது."

அவன் காய்ச்சலில் இருந்தான். நெற்றியைத் தொட்டபோது கை சுட்டது. எத்தனை நாளாக என்று கேட்டாள். அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். ராத்திரியில் குளிர்கிறது என்று அவன் கேட்ட இரண்டாவது போர்வையை அவள்தான் எடுத்துக் கொடுத்திருந்தாள். மார்கழிக் குளிர் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் மணவாளநல்லூர் போனாள். பிராது எழுதிக் கொடுக்கும் இடத்தில் முன்பு பார்த்த அதே மனிதர் இருந்தார். வாபஸ் வாங்கணும் என்றாள். அவர் முகம் மலர்ந்தது.

"காரியம் ஆயிடுச்சா? சந்தோஷம்மா. இன்னா பிராது?"

"பையனுக்குக் காலு. ஆவலீங்க."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். ஆகாமல் வாபஸ் எதற்கு என்று கேட்டார். தவணை இன்னும் இருக்கிறதே, சாமிக்குத் தெரியாதா, பொறுமையாக இருங்கள், கடைசி நாளில் கூட நடந்ததை நான் இங்கே பார்த்திருக்கிறேன் என்று இதமாகத்தான் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அவளே பார்த்திருக்கிறாள். அதனால்தான் வாயைத் திறந்து சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

"சாமி மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க. கேஸு இருக்குற வரைக்கும் நானும் எம்புள்ளயும் தீர்ப்பு வரட்டும்னு குந்திக்கினு இருப்போம். அவன் என் மூஞ்சியப் பாக்குறான், நான் அவன் மூஞ்சியப் பாக்குறன். அதுக்குள்ள காலு மேல ஏறிக்கிட்டே போவுதுங்க. நானே எடுத்துக்குறன். எழுதிக்குங்க."

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். எழுதிக்கொண்டார்.

சன்னதியில் கூட்டம் இல்லை. அவள் கைகூப்பி நின்றாள். இத்தனை வருஷத்தில் அங்கே நின்று ஒன்றும் கேட்காமல் இருந்ததில்லை. அன்றைக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. கால் வேண்டும் என்று கேட்க முடியாது, அதைத்தான் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாள். கால் போகட்டும் என்று எந்தத் தாய் கேட்பாள். குருக்கள் தட்டை நீட்டினார். விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டு வெளியே வந்தாள். வேல்களில் கட்டியிருந்த தாள்கள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன. எத்தனை பேருடைய கால், எத்தனை பேருடைய கண். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்படியே, "நீ கட்டுனதாலதான்மா நான் பொறுத்திருந்தேன்" என்றான்.

"நீ பயந்ததாலதான்பா நான் கட்டுனேன்."

 அவள் ஸ்டான்லிக்குப் போன் செய்யச் சொன்னாள். அவன் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வண்டி பிடித்துக்கொண்டு வந்தான். காரணம் கேட்கவில்லை. மகனைத் தூக்கி வண்டியில் படுக்க வைக்கும்போது ஸ்டான்லி அழுதான். தமிழ்ச்செல்வன்தான், "டேய் வைத்தியரே, கீழ போட்டுடாத" என்றான்.

பாண்டிச்சேரியில் அதே டாக்டர். படங்கள் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அவர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார். சீழ் முட்டிக்குள் ஏறிவிட்டது. முட்டிக்கு மேலேதான் எடுக்க வேண்டும். ரத்தத்திலும் கலக்கத் தொடங்கியிருக்கிறது, இன்றைக்கே எடுக்க வேண்டும். அவர் அவளைத் திட்டவில்லை. தை மாதமே வந்திருந்தால் என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்தியதை அவள் தனக்குள் முடித்துக்கொண்டாள். மகன் கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் அவளையும் போடச் சொன்னார்கள். பிராதுத் தாளில் எழுதிய அதே கோணல் எழுத்தில் அமிர்தம் என்று எழுதினாள்.

அவன் பிழைத்தான். காய்ச்சல் இறங்கப் பல நாள் ஆயிற்று. அதுவரை அவள் வார்டு வாசலிலேயே இருந்தாள். காலையில் கண்ணை மூடிக் கும்பிடும்போது, பழக்கத்தில், எம்புள்ள காலு என்று வாய் தொடங்கிவிடும். பாதியில் நின்றுவிடும். அடுத்து என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் ராஜ்மோகன் வார்டுக்கு வந்தான். வாசலில் அவளைப் பார்த்ததும் தயங்கி நின்றான். வாப்பா ராஜு, சாப்டியா என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். சாப்பிட்டேன் என்றா இல்லை என்றா தெரியவில்லை. உள்ளே அழைத்துப் போனாள்.

இரண்டு பேரும் முதலில் பொதுவாகப் பேசினார்கள். வெயில், ஸ்கூல் லீவு, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டை. பிறகு தமிழ்ச்செல்வனே கேட்டான், செங்கோடன் என்ன ஆனான் என்று. எங்கே விட்டோமோ அங்கேயே இருக்கிறான் என்றான் ராஜ்மோகன். அவன் முகம் சுருங்கியிருந்தது. பழைய விதிக்கே போய்விடலாம், நீ சொல், குகைக்குள் ஒரு சித்தரைக் கொண்டுவருகிறேன், ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் செங்கோடனுக்கு எல்லாம் சரியாகிவிடும். நான் அப்படி ஆட்டத்தை மாற்றியிருக்கக் கூடாது என்றான்.

"வேணாம்டா" என்றான் தமிழ். "அவன் தூங்கி எழுந்து நடந்தான்னா, அப்பறம் அவன் யாரோ, நான் யாரோ."

அமிர்தம் கால்மாட்டில் நின்று போர்வையைச் சரி செய்தாள். இடது பக்கம் போர்வை மேடாக இருந்தது. வலது பக்கம் தொடைக்குக் கீழே தட்டையாகப் படிந்து கிடந்தது. அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் சரி செய்ய அவள் இந்த நாட்களில் பழகியிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்டா" என்றான் தமிழ். "இல்லாத எடம் வலிக்குது. பாதம் அரிக்குது. கட்டை வெரலு மடங்கிக்கினு நிமிர மாட்டேங்குது. டாக்டர் அப்பிடித்தான் இருக்கும்னு சொல்றாரு. உன் பொஸ்தகத்துல இதுக்கு ஏதாச்சும் விதி போட்டிருக்குதா?"

ராஜ்மோகன் யோசித்தான். எத்தனையோ காயம் போட்டிருக்கிறது, கண் போனால், கை போனால், எலும்பு முறிந்தால், எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்றான். இது இல்லை.

"இப்பவும் அரிக்குதாப்பா?" என்று அமிர்தம் கேட்டாள்.

"ஆமாம்மா."

அவள் கால்மாட்டிலிருந்து சுற்றி வந்தாள். பிறகு கட்டிலின் வலது ஓரத்தில் உட்கார்ந்து, வெறும் போர்வைமேல் கையை வைத்தாள். கீழே மெத்தைதான் இருந்தது. ஈரப் பொம்மையைத் துடைக்கிற கையால் மெதுவாகச் சொறிந்து கொடுத்தாள்.

தமிழ்ச்செல்வன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னம் கொஞ்சம் கீழம்மா" என்றான்.

அவள் கையைக் கீழே நகர்த்தினாள்.